ஒரு கையும் ஒரு கம்பியும்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். இதற்குமேல் வணக்கம் சொன்னால் நடுவரின் கை மணிக்குப் போய்விடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'தனித்து வாழ்பவரின் வார இறுதியில் விஞ்சி நிற்பது நிறைவா, ஏக்கமா?' இதுதான் தலைப்பு. நான் நிறைவின் பக்கம் நிற்கிறேன். சனிக்கிழமை வெளிவேலைகள், மாலைக் கச்சேரி, துணை தேடும் கவலை என்று மூன்றையும் வரிசையாக எடுத்துப் பேசக் குறிப்பு எழுதி வந்தேன். அந்தக் காகிதம் அதோ என் நாற்காலியிலேயே கிடக்கிறது. எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்ன ஒரு வார்த்தை என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

அவர் கேட்டார்: "துணை இல்லாமல் கச்சேரிக்குப் போகிறவரைப் பாருங்கள். ஒரு கை தட்டினால் ஓசை வருமா?" நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அத்தனை சிரிப்புக்கு நடுவே சிரிக்காத சிலரையும் நான் பார்த்தேன். அவர்கள் சார்பில் இந்த ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தலைப்பின் மற்றப் பகுதிகளை நேரம் இருந்தால் பார்ப்போம்.

ஐயா, உங்களையே கேட்கிறேன். தனியாளுக்குக் கை எத்தனை? சபையோர் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். இரண்டு! பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டாவது கை முளைக்கும் என்று எந்த மருத்துவர் சொன்னார்? இரண்டு கையோடு பிறந்தவர், இரண்டு கையால் சம்பாதிக்கிறவர், இரண்டு கையால் துணி துவைத்து, வாளி தூக்கி, விளக்கு மாட்டி வாழ்கிறவர், கச்சேரி அரங்கின் வாசலில் மட்டும் ஒரு கையைக் கழற்றி வைத்துவிட்டா உள்ளே போவார்?

சரி, ஐயாவின் வார்த்தையை வீணாக்க எனக்கு மனமில்லை. உண்மையிலேயே ஒரே ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு கச்சேரியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்கு ஓசை வந்ததா, வரவில்லையா என்பதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவள் என் தோழி. பெயர் வேண்டாம். "கதையைச் சொல்லிக்கொள், பெயரை விட்டுவிடு" என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்தாள். தனியாக வீடு எடுத்து வாழ்கிறாள். வாரம் முழுவதும் அலுவலகம். ஒரு சனிக்கிழமை காலை அவள் எழுதி வைத்த பட்டியல் இது: தைக்கக் கொடுத்த செருப்பை வாங்க வேண்டும். தபால் அலுவலகத்தில் கிடக்கும் பார்சலை, கதவு மூடுவதற்குள் எடுக்க வேண்டும். வீட்டுச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி செய்ய வேண்டும். சன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி வாங்க வேண்டும். மாலை கச்சேரி. கச்சேரிக்கு அவள் கையில் இரண்டு டிக்கெட்.

இரண்டாவது டிக்கெட் யாருக்கு என்றுதானே கேட்கிறீர்கள்? பொறுங்கள். அதற்கு முன்னால் எதிரணியின் முதல் பேச்சாளருக்கு ஒரு பதில் இருக்கிறது. தனியாளின் சனிக்கிழமையைச் சில்லறை வேலைகளே விழுங்கிவிடுகின்றன, பாதியைச் சுமக்க இன்னொரு தோள் இல்லை என்றார் அவர். உண்மை. நான் மறுக்கவில்லை. தபால் அலுவலகமும் சாவி செய்பவரும் ஒரே நேரத்தில் கடையைக் கட்டும்போது, ஒரு ஆள் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். அந்தச் சுமை எனக்கும் தெரியும். நானும் தனித்து வாழ்கிறவள்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு நிமிடம் நினையுங்கள். 1850-இல் பிரிட்டனில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலை முடிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1926-இல் ஃபோர்டு நிறுவனம் தன் ஆலைகளில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று மாற்றியது. தொழிலாளர்கள் கேட்டுக் கேட்டு, போராடிப் போராடிப் பெற்ற பொழுது அது. அந்தப் பொழுதில் தன் செருப்பைத் தானே தைக்கக் கொடுத்து, தன் வீட்டுக்குத் தானே கம்பி வாங்கி, யாரிடமும் கணக்குச் சொல்லாமல் மாலையில் ஒரு கச்சேரிக்குப் போகிற ஒருத்தியைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவ்வளவுதான் முதல் பேச்சாளருக்கு. கதைக்குத் திரும்புகிறேன்.

இரண்டாவது டிக்கெட், சில வாரங்களாகச் செயலி வழியே அவளோடு பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு. நேரில் பார்த்ததில்லை. முதல் சந்திப்பே கச்சேரியில் என்று முடிவாகி இருந்தது. என்ன உடை உடுத்துவது, என்ன பேசுவது, இடைவேளையில் பேச்சு வறண்டுபோனால் என்ன செய்வது என்று கேட்டுக் கேட்டு அந்த வாரம் முழுவதும் அவள் என்னைத் தூங்கவிடவில்லை.

செருப்பு வந்துவிட்டது. பார்சல் வந்துவிட்டது. சாவி செய்பவர் முன்னால் நிற்கிறாள். அவர் பழைய சாவியை இயந்திரத்தில் பொருத்திப் புதியதை அராவிக்கொண்டிருக்கிறார். கைபேசி ஒலிக்கிறது. எடுத்துப் பார்க்கிறாள். "மன்னிக்கவும். இன்று வர முடியவில்லை." அதற்குக் கீழே ஒன்றுமில்லை. காரணம் இல்லை. 'அடுத்த வாரம்' இல்லை.

அதே நேரம் பார்த்துச் சாவி செய்பவர் கேட்கிறார்: "மாற்றுச் சாவி வீட்டில் இருப்பவருக்கா அம்மா?"

"இல்லை. எனக்குத்தான்."

"இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டால், தொலைக்கும்போது இரண்டையும் சேர்த்தல்லவா தொலைப்பீர்கள்?"

பாவம், அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். அவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அந்தச் சாவியை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

அங்கிருந்து கம்பிக் கடைக்குப் போனாள். வாங்கிய கம்பி அவளைவிட உயரம். வெளியே வந்து மணியைப் பார்க்கிறாள். வீட்டுக்குப் போய்க் கம்பியை வைத்துவிட்டு வந்தால் முதல் பாட்டுப் போய்விடும். கச்சேரியே வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். எதிரணியினர் அவளிடத்தில் இருந்திருந்தால் திரும்பியிருப்பார்கள். அவள் கம்பியோடு நேரே அரங்கத்துக்குப் போனாள்.

வாசலில் டிக்கெட் பார்ப்பவர் நிறுத்தினார். "அம்மா, கம்பி உள்ளே போகக் கூடாது."

"ஏன்?"

"நிறுத்தினால் பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். படுக்கவைத்தால் நடக்கிறவர் தடுக்கி விழுவார்."

"பொருள்களை வைத்துவிட்டுப் போகும் இடத்தில் கொடுக்கட்டுமா?"

"அங்கே அலமாரிதான் இருக்கிறது. பை வைக்கலாம். இதற்கு அலமாரி போதாது."

அவள் ஒரு கணம் யோசித்தாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு டிக்கெட்டையும் எடுத்து நீட்டினாள். "ஒன்று எனக்கு. இன்னொன்று இதற்கு."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார். இரண்டு டிக்கெட், இரண்டு இருக்கை, பணம் கட்டியாகிவிட்டது. சட்டப்படி மறுக்க வழி இல்லை! இரண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "இருக்கையின் மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடியும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கக் கூடாது."

பின்வரிசைக்குக் கேட்டதா? கேட்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். வரவேண்டிய மனிதர் வரவில்லை. அவருக்கு வாங்கிய இருக்கையில் அவளைவிட உயரமான ஒரு கம்பி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது! அதன் நடத்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்தது. கச்சேரி நடுவே கைபேசியை எடுத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் குனிந்து "இன்னும் எத்தனை பாட்டு?" என்று கேட்கவில்லை. பாடகி மேலே போகும்போது இருமவில்லை. துணையோடு வந்தவர்களே, உங்கள் துணையை இந்தக் கம்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அதோ, அங்கே ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரை முழங்கையால் இடிக்கிறார். ஐயா, நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம், சபைக்குப் புரிந்துவிட்டது.

இப்போது வருகிறேன் எதிரணிப் பேச்சாளரின் ஒரு கைக்கு. முதல் பாட்டு முடிகிறது. அரங்கம் கைதட்டுகிறது. என் தோழியின் இடது கை கம்பியில். வலது கை மட்டும் சும்மா இருக்கிறது. தட்ட வேண்டும், அந்தப் பாட்டு அப்படி. ஒரு கையால் எப்படித் தட்டுவது? தொடையில் தட்டுகிறாள். ஓசை வரவில்லை. ஐயா, ஒப்புக்கொள்கிறேன், உங்கள் பழமொழி இந்த இடத்தில் வென்றுவிட்டது. ஒரு கை தட்டினால் ஓசை வராது.

ஆனால் இரண்டாவது பாட்டு முடிந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீண்டது. வயதான கை. கம்பியை இறுகப் பிடித்தது. "நீ தட்டு அம்மா, நான் பிடித்துக்கொள்கிறேன்." அவள் இரண்டு கையாலும் தட்டினாள். மூன்றாவது பாட்டு முடிந்தது. "இப்போது நீங்கள் தட்டுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்." நான்காவது பாட்டுக்கு அவர் பிடித்தார், இவள் தட்டினாள். ஐந்தாவதுக்கு இவள் பிடித்தாள், அவர் தட்டினார். இப்படியே முறை வைத்து இரண்டு முன்பின் அறியாதவர்கள் ஒரு கச்சேரி முழுவதையும் பாராட்டி முடித்தார்கள். துணைக்கு வரவேண்டியவர் வந்திருந்தால் அந்தப் பெரியம்மாவின் முகத்தைக்கூட இவள் பார்த்திருக்க மாட்டாள்.

இதை ஒரு தனிக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். கைதட்டலையே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ருமேனியாவிலும் ஹங்கேரியிலும் அரங்கங்களில் பதிவு செய்த கைதட்டலை வைத்து ஓர் ஆய்வு, 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்குத் தட்டுகிறார்கள்; ஒரே இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அதே கூட்டம் ஒரே தாளத்தில் தட்டத் தொடங்கிவிடுகிறது. யாரும் கைகாட்டி நடத்துவதில்லை. எப்படி நடக்கிறது? ஒவ்வொருவரும் தன் வேகத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். வேகம் குறையும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் குறைகிறது. அப்போது கை ஒன்றுசேர்கிறது. முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்காக ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் தாளத்தில் என் தோழியின் கையும் இருந்தது. கணவனோடு வந்தவரின் கைக்கும் அவள் கைக்கும் அந்த ஓசையில் என்ன வேறுபாடு கண்டுபிடிப்பீர்கள்?

இன்னொன்று. 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர் குழுக்களின் கைதட்டலைக் காணொளியில் பதிவு செய்து பார்த்தார்கள். ஒருவர் தட்டத் தொடங்குவதைத் தூண்டுவது எது? பக்கத்து இருக்கைக்காரர் தட்டுகிறாரா என்பதைவிட, அறை முழுவதும் எவ்வளவு பேர் தட்டுகிறார்கள் என்பதே! எதிரணி நண்பர்களே, நீங்கள் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் பக்கத்து இருக்கையைப் பற்றித்தான். கேட்கிறவரின் கையோ அரங்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கச்சேரி அரங்கம் என்பதே இப்படிப்பட்டவர்களுக்காகத் திறந்த கதவு. ஐரோப்பாவில் நல்ல இசை பெரும்பாலும் அரண்மனையிலும் தேவாலயத்திலும் செல்வர் வீட்டிலும் ஒலித்த காலம் ஒன்று இருந்தது. அரண்மனைக்கும் செல்வர் வீட்டுக்கும் போக வேண்டுமானால் யாருடைய உறவு, யாருடைய விருந்தாளி என்று சொல்ல வேண்டும். 1672 டிசம்பரில் லண்டனில் ஜான் பேனிஸ்டர் என்ற வயலின் கலைஞர், கட்டணம் கொடுக்கும் எவரும் வந்து கேட்கலாம் என்று தன் இசைக்கூடத்தைத் திறந்தார். கட்டணம் கட்டிக் கேட்கும் பொதுக் கச்சேரி அங்கே தொடங்கியது. அன்றிலிருந்து உறவு கேட்கப்படுவதில்லை. இருக்கைக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். என் தோழியின் விஷயத்தில் ஓர் இருக்கைக்கு ஒரு கம்பி என்று அதுவும் கொஞ்சம் விரிந்தது.

"ஆனாலும் தனியாகப் போனால் ரசிக்க முடியாது" என்று முணுமுணுக்கிறார் எதிரணித் தலைவர். கேட்கிறது ஐயா. அமெரிக்கப் பேராசிரியர்கள் ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதே முணுமுணுப்பைத்தான் சோதித்தது. ஓர் ஓவியக்கூடத்தைத் தனியாகப் பார்க்கச் சொன்னால், துணையோடு போகிறவர் அளவுக்கு ரசிக்க முடியாது என்று மக்கள் முன்கூட்டியே நினைத்தார்கள். போய்ப் பார்த்த பிறகு கேட்டால் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவு ரசித்திருந்தார்கள். ஆகவே தடை வாசற்படியில் இருக்கிறது. 'பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?' என்ற நினைப்பில் இருக்கிறது. அந்த நினைப்புக்குத் தீனி போடுவது யார்? மேடையில் நின்று 'ஒரு கை' என்று சிரிக்கவைக்கிறவர்கள்தான். கோபமாகச் சொல்லவில்லை, ஐயா. இல்லை, கோபமாகத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியைக் கேட்டு அடுத்த வாரம் டிக்கெட் வாங்காமல் வீட்டிலேயே இருந்துவிடப் போகிற ஒருவர் இந்த அரங்கத்தில் இருக்கக்கூடும். அவரிடம் சொல்கிறேன்: போங்கள். அவசியம் போங்கள். குரல் நேரில் ஒலிக்கும்போது நெஞ்செலும்பில் படுகிற அந்த அதிர்வு, மேடையில் ஒருவர் மூச்சை உள்ளிழுக்கும்போது நூறு பேர் மூச்சை நிறுத்துகிற அந்தக் கணம், இவை எந்தப் பதிவிலும் வராது. அதைக் கேட்க ஜோடி தேவையில்லை, காது போதும்.

நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். டேட்டிங் கவலை பற்றி எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் சொன்னதற்கு இரண்டு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே போகிறது, 'பார்த்துவிட்டார், பதில் இல்லை' என்ற வரியே வார இறுதியைக் கொன்றுவிடுகிறது என்றார். வலி உண்மை. 1927-இல் ப்ளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலையே மக்கள் நினைவில் அதிகம் நின்றது என்று எழுதினார். பதில் வராத செய்தியும் பாதியில் நின்ற வேலைதானே? அதனால்தான் அது மனத்தை அரிக்கிறது. உங்களிடம் குறை இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. அதோடு 2018-இல் வந்த ஓர் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதன்முறை பேசிப் பிரிந்தவர்களைத் தனித்தனியே கேட்டார்கள். 'எதிரில் இருந்தவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது' என்றே பலரும் நினைத்தார்கள். எதிரில் இருந்தவரைக் கேட்டால், அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகப் பிடித்திருந்தது. முதல் சந்திப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, 'அப்படிப் பேசியிருக்கக் கூடாது, இப்படிச் சிரித்திருக்கக் கூடாது' என்று கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறீர்களே, அதே இரவில் அந்தப் பக்கமும் ஒருவர் அப்படியே படுத்திருக்கலாம். என் தோழியிடம் 'வர முடியவில்லை' என்று சொன்னவர்கூட அந்தப் பயத்தில்தான் நின்றுவிட்டாரோ, என்னவோ. அவரை நான் பழிக்கப் போவதில்லை.

இடைவேளையில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார மனம் வரவில்லை. நடுவர் அவர்களே, மணி அடித்தாலும் பரவாயில்லை.

பேச்சு வறண்டுபோனால் என்ன செய்வது என்று வாரம் முழுவதும் பயந்தாளே, அந்த இடைவேளையில் அவளால் பேச்சை நிறுத்தவே முடியவில்லை. அந்தப் பெரியம்மா கேட்டார்: "இந்த இருக்கைக்கு யார் வரவேண்டும்?" இவள் மறைக்கவில்லை. "ஒருவர் வருவதாக இருந்தது. வரவில்லை." பெரியம்மா ஆறுதல் சொல்லவில்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லவில்லை. தன் கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "அவர் எந்தக் கச்சேரிக்கு வந்தாலும் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடுவார். குறட்டை வராமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. இடித்து இடித்தே பாதிக் கச்சேரி போய்விடும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பாட்டையாவது முழுதாகக் கேட்கவேண்டும் என்று அவரிடம் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சொன்னார்: "இப்போது எல்லாப் பாட்டையும் முழுதாகக் கேட்கிறேன்."

அவர் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன.

எதிரணி நண்பர்களே, இந்த மாலை முழுவதும் 'தனியாள்' என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் உங்கள் மனத்தில் இருந்தது யார்? கையில் கைபேசியோடு ஒரு இளைஞன், ஒரு இளம்பெண். இன்னும் யாரும் வரவில்லையே என்று வாசலைப் பார்க்கிறவர்கள். வந்து, இருந்து, போய்விட்டவரின் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற ஒருவரை நினைத்தீர்களா? அவருக்கும் சனிக்கிழமை உண்டு. அவருக்கும் தபால் அலுவலகம், மருந்துக் கடை, பழுதான குழாய் எல்லாம் உண்டு. இத்தனை ஆண்டு இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலைகளை ஒருவராகச் செய்து முடித்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, மாலையில் கச்சேரிக்கு வந்து உட்காருகிறார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். அவரைப் பார்த்து 'ஒரு கை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? எனக்கு இந்த இடத்தில் நிறைவா, ஏக்கமா என்ற தலைப்பே மறந்துபோகிறது. அந்தப் பெரியம்மாவிடம் இரண்டும் இருந்தன. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் அவர் கை தட்டினார்.

சாவி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? பெரியம்மாவின் வீடு என் தோழியின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவரே தேடி வந்தார். "கம்பியை மாட்ட ஆள் வேண்டுமே, முக்காலியைப் பிடிக்கவாவது வருகிறேன்" என்றார். இவள் ஏறினாள், அவர் பிடித்தார். கம்பி சன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளம்பும்போது என் தோழி அந்தப் புதிய சாவியை அவர் கையில் வைத்தாள். "தொலைந்துபோனால் வாங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். வைத்திருப்பீர்களா?" பெரியம்மா சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் பையைத் துழாவித் தன் வீட்டுச் சாவி ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நான் ஒரு நாள் கதவைத் திறக்காமல் போனால் திறக்க ஓர் ஆள் எனக்கும் வேண்டும் அம்மா."

இதை அவள் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. இப்போதும் முழுதாகச் சொல்ல முடிகிறதா என்று பயந்துகொண்டேதான் மேடை ஏறினேன்.

என் தோழி இன்னும் துணை தேடுகிறாள். தேடட்டும். கிடைத்தால் நான்தான் முதலில் மகிழ்வேன். கிடைக்கும்வரை அவளுடைய சனிக்கிழமைகளைக் கணக்கில் சேராத நாட்களாக யாரும் எழுதிவிட வேண்டாம். சபையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் தனித்து வாழும் ஒருவர் இருப்பார். இளையவராக இருக்கலாம், வயதானவராக இருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது 'இன்னும் ஒன்றும் அமையவில்லையா?' என்று கேட்காதீர்கள். போன வாரம் எங்கே போனாய், என்ன பாட்டுக் கேட்டாய், பாடியவர் எப்படிப் பாடினார் என்று கேளுங்கள். உட்கார்ந்து பதிலையும் கேளுங்கள். நேரம் ஆகும்; அவரிடம் சொல்ல நிறைய இருக்கிறது.

நடுவர் அவர்களே, மூன்றாம் முறை மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை எங்கள் அணிக்கே தரவேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.